பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகுதா? பூஸ்டர் கோளாறை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்!

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி பக்கம் போனால், இருபுறமும் கரிசல் காடும் சீமைக்கருவேலமும்தான். சமதரைச் சாலை என்பதால் வேகம் தானாக ஏறும். கருவேல மறைவில் இருந்து ஓர் ஆட்டு மந்தை சட்டென ரோட்டில் ஏறினால் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். அந்த நேரம் பெடல் உள்ளே இறங்காமல் கல்லு மாதிரி நின்றால்?

‘பிரேக் ஃபெயிலியர்’ என்றுதான் பலரும் பதறுவார்கள். ஆனால், பெடல் இறுகினால் பெரும்பாலும் பிரேக் போய்விட்டது என்று அர்த்தமல்ல. காலுக்குத் துணையாக இருந்த பலம் போய்விட்டது என்று அர்த்தம். இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால், வண்டியை நிறுத்தவும் முடியும். ஒர்க் ஷாப்பில் தேவையில்லாத செலவையும் தவிர்க்கலாம்.

பூஸ்டர் என்ன செய்கிறது?

பானெட்டைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கம் ஒரு கறுப்பு வட்ட டப்பா தெரியும். அதுதான் பிரேக் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் திரை அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. இன்ஜின் ஓடும்போது இரண்டு அறைகளில் இருந்தும் காற்று உறிஞ்சப்படுகிறது. இதைத்தான் ‘வேக்குவம்’ என்கிறோம். பெடலை மிதித்ததும் பின் அறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழைந்து, ரப்பர் திரையை முன்னால் தள்ளுகிறது.

வெறும் காற்றுக்கு அவ்வளவு பலமா? ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் வெளிக்காற்று சுமார் 1 கிலோ எடைக்கு அழுத்துகிறது. 23 செ.மீ. குறுக்களவுள்ள பூஸ்டரின் பரப்பு 400 சதுர செ.மீ.க்கு மேல். முழு வேக்குவம் கிடைக்காது. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே 250 கிலோவுக்கு மேல் தள்ளும் பலம். பெல்ஜியப் பொறியாளர் ஆல்பர்ட் டிவாண்ட்ரே 1927-ல் கொண்டுவந்த யோசனை இது.

வேக்குவம் எங்கிருந்து வருகிறது?

சாதாரண பெட்ரோல் காரில் இன்ஜின் காற்றை உறிஞ்சும் பாதையில் இருந்தே ஒரு ஹோஸ் வழியாக வேக்குவம் கிடைக்கும். டீசல் இன்ஜினில் அப்படி போதுமான வேக்குவம் உருவாகாது. அதனால் தனி வேக்குவம் பம்ப் இருக்கும். சில வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே சுழலும். டர்போ பெட்ரோல் கார்கள் சிலவற்றிலும் பம்ப் உண்டு.

பம்ப் பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் மாருதி சுசூகி 7,213 பலேனோ ஆர்.எஸ். கார்களைத் திரும்ப அழைத்தது. 2016 அக்டோபர் முதல் 2019 நவம்பர் தொடக்கம் வரை தயாரான கார்கள் அவை. வேக்குவம் பம்ப்பில் குறை இருக்கலாம், அதனால் பெடலைக் கூடுதல் பலம் கொடுத்து மிதிக்க வேண்டி வரலாம் என்பதே சொல்லப்பட்ட காரணம்.

பெடல் சொல்லும் சேதி

* பெடல் இறுகி, இறங்கவே மறுக்கிறதா? பூஸ்டர் அல்லது வேக்குவம் பிரச்சினை.
* பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? பிரேக் லைனில் காற்று புகுந்திருக்கலாம், ஆயில் கசியலாம்.
* மிதித்துப் பிடித்தால் மெதுவாகத் தரை வரை இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு நிமிட சோதனை

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இன்ஜின் ஆஃப். பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், இறுகிவிடும். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாவிட்டால், வேக்குவம் வந்து சேரவில்லை அல்லது பூஸ்டர் பழுது.

2. ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்யுங்கள். இப்போது மெதுவாக மூன்று முறை மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகவும், அடுத்தடுத்த மிதிகள் கொஞ்சம் கொஞ்சமாக மேலேயும் நிற்க வேண்டும். முதல் மிதியே இறுகினால், சேமித்த வேக்குவம் கசிகிறது.

3. இன்ஜின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்தபடி ஆஃப் செய்து, 30 விநாடி காத்திருங்கள். உயரம் மாறக் கூடாது. பெடல் காலை மேலே தள்ளினால், கசிவு உறுதி.

பல நாள் நின்ற வண்டியில் முதல் மிதி இறுகலாம். ஸ்டார்ட் ஆனதும் இளகிவிட்டால் பயப்பட வேண்டாம்.

கசிவு எங்கே?

முதலில் பார்க்க வேண்டியது ஹோஸ். இந்தப் பக்கத்து வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து ரப்பரை வறட்டி, விரிசல் விட வைக்கும். காட்டோரம், களத்தோரம் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஹோஸும் புதிதல்ல. ஹோஸ் பூஸ்டரில் சேரும் இடத்திலோ, ஹோஸின் நடுவிலோ ஒருவழி வால்வு இருக்கும். அது காற்றை ஒரு பக்கம் மட்டுமே விட வேண்டும்; இரு பக்கமும் விட்டால் மாற்ற வேண்டியதுதான்.

இன்ஜின் ஓடும்போது பூஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றினால் நல்ல உறிஞ்சல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோளாறு ஹோஸிலோ, பம்ப்பிலோ, இன்ஜினிலோதான். உறிஞ்சல் நன்றாக இருந்தும், மிதிக்கும்போது காலடியில் ‘உஸ்ஸ்’ என்று விடாமல் சத்தம் வந்து இன்ஜின் தடுமாறினால், உள்ளே ரப்பர் திரை கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே கசிவே தெரியாமல் பிரேக் ஆயில் குறைந்தால், அது மாஸ்டர் சிலிண்டர் வழியாக பூஸ்டருக்குள் இறங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

“பூஸ்டரையே மாத்தணும்” என்று மெக்கானிக் சொன்னால், ஹோஸும் வால்வும் செக் பண்ணியாச்சா என்று முதலில் கேளுங்கள். விலை குறைந்த அந்தப் பாகங்களோடு பிரச்சினை முடிந்துவிடலாம்.

ஓடும்போது இறுகினால்?

விட்டு விட்டு மிதிக்காதீர்கள். இன்ஜின் நின்ற பிறகும் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்கு வேக்குவம் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு முறை விடும்போதும் அது தீரும். ஒரே மிதியாக, முழு பலத்தோடு, தேவைப்பட்டால் இரண்டு காலாலும் அழுத்துங்கள். பல மடங்கு பலம் வேண்டும், தூரமும் கூடும். ஆனால் வண்டி நிற்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுங்கள். சாவியைத் திருப்பி ஆஃப் செய்யாதீர்கள்.

பஞ்சு மாதிரி அமுங்கும் பெடலுக்கு இது நேர் எதிர். அங்கே வேகமாக விட்டு விட்டு மிதித்தால்தான் கொஞ்சமாவது பிடிக்கும்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் செய்து உருட்டும் பழக்கம் ஆபத்தாவது இதனால்தான். நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போகும்போதும் பின்னால் வரும் காரில் பூஸ்டர் வேலை செய்யாது. அதை ஓட்டுபவரிடம் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும்: “பிரேக் கல்லு மாதிரி இருக்கும், சீக்கிரமாவே அழுத்த ஆரம்பிச்சிடுங்க.”