உறவைப் பேண வம்சத்தை அறிவோம்



உறவுகளோடு இணைந்து வாழ்வதற்காக வம்சாவழியைத் தெரிந்துகொள்ளுமாறு அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைத் திர்மிதீ நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். அரபுக் குலங்களின் வழிமுறைகளைத் துல்லியமாக அறிந்தவராக ஹஸ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் விளங்கினார்கள். குறைஷியரின் வசைக்கவிகளுக்கு மறுமொழி பாட முனைந்த கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களை, முதலில் அபூபக்கரிடம் சென்று குலவரலாற்றைக் கேட்டறியுமாறு நபிகளார் பணித்தார்கள். இவ்வறிவை ‘இல்முல் அன்ஸாப்’ என்று தனிக் கலையாகவே நம் முன்னோர் வளர்த்தனர்.

அத்தகைய சமுதாயத்தில் பிறந்த நாம், பாட்டனாரின் தந்தை பெயர் யாதெனக் கேட்டால் விழிக்கிறோம். சிலர் விழிப்பதில்லை, நேரே அரபு நாட்டுக்குத் தாவிவிடுகின்றனர்! இடையிலுள்ள ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு பெயரும் தெரியாது, ஆனால் மூலபுருஷர் மட்டும் ஏமனிலிருந்து கப்பலேறி வந்தவர். அரபியருக்கு அரபியரல்லாதார்மீது மேன்மை இல்லை என்று இறுதிப் பேருரையில் முழங்கிய நபியின் உம்மத்துக்கு இத்தகைய பெருமை எதற்கு? நாம் தேட வேண்டியது பெருமையை அன்று. நம்மோடு இரத்த உறவுடையோர் எங்கெங்கே இருக்கின்றனர் என்பதையே.

தேடுதலை வீட்டிலேயே தொடங்குங்கள். குடும்பத்தில் வயதில் மூத்த உம்மம்மாவோ நன்னியோ இருந்தால், அவர்களே உங்கள் முதல் நூலகம். இங்கே ஹதீஸ் கலை அறிஞர்களின் வழி நமக்குக் கைகொடுக்கும். ஒரு செய்தியைக் கேட்டவுடன் அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. இதை உமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவ்விருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவரா என்று இஸ்னாது எனும் சங்கிலியை ஆராய்ந்தனர். நீங்களும் அவ்வாறே கேளுங்கள். பாட்டி தாம் நேரில் கண்டதைச் சொல்கிறாரா, தம் உம்மாவிடம் கேட்டதைச் சொல்கிறாரா என்று பிரித்து, சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதி வையுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்வதும் நன்று. ஆயினும் எழுத்தில் ஒரு படி இருக்கட்டும்.

நம் குடும்பங்களில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கமாதலால், முகம்மது இபுராஹீமும் செய்கு அப்துல் காதிரும் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வருவர். தந்தை பெயரும் மனைவி பெயரும் தெரிந்தாலன்றி எவர் எவரெனப் பிரிக்க இயலாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு மகளுக்கே உரியதாகி, மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழும் மரபு உண்டு. அங்கே தந்தை வழியை மட்டும் தொடர்ந்தால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். வீட்டுப் பத்திரத்தைப் பின்தொடருங்கள். தாய், பாட்டி, பூட்டி என அது பெண்களின் பெயர்களையே வரிசையாகக் காட்டும்.

இனி, பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில் மணமக்களின் பெயரோடு தந்தையரின் பெயர், வலீ, சாட்சிகள், மஹர் தொகை ஆகிய யாவும் இருக்கும். முத்தவல்லியிடம் பணிவோடு கேட்டுப் பார்வையிடுங்கள். அடக்கத்தலத்தின் மீஸான் கற்களில் எழுத்துள்ளவற்றையும் படியுங்கள். ஆண்டுக் கணக்கில் மட்டும் கவனம் தேவை. ஹிஜ்ரி ஆண்டுக்குச் சுமார் 354 நாட்களே. ஆகவே 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 ஆங்கில ஆண்டுகளுக்குச் சமம். ஹிஜ்ரி 1300 என்று கண்டவுடன் 622ஐக் கூட்டி 1922 எனக் குறித்தால் நாற்பது ஆண்டு பிழையாகிவிடும்! அவ்வாண்டு தொடங்கியது 1882 நவம்பரில். தென்கோடி ஊர்களின் பழம் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதனுடன் 825ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். வெறும் ‘சித்திரபானு வருஷம்’ என்றிருந்தால், அது 1882ஆகவும் இருக்கலாம், 1942ஆகவும் இருக்கலாம்.

பள்ளிவாசல், தர்கா ஆகியவற்றின் மானியங்களில் உங்கள் முன்னோர்க்குத் தொடர்பிருந்திருப்பின், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடுங்கள். 1909ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கிவரும் அந்நிலையத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கடிதங்கள் முதற்கொண்டு பாதுகாக்கப்படுகின்றன. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகள் நமக்கு ஒரு புதையல். மானியத்தை வழங்கியவர் யார், எந்தப் பணிக்காக வழங்கப்பட்டது, அப்போது அனுபவித்து வந்தவர் யார் என்று ஊர் ஊராக அவற்றில் எழுதப்பட்டிருக்கும். 1954ஆம் ஆண்டு வக்ஃப் சட்டப்படி எடுத்த கணக்கெடுப்பின் பட்டியல்கள் அரசிதழில் வெளியாயின. ஊர் வரலாறு விழைவோர் டாக்டர் எஸ்.எம். கமால் எழுதிய ‘முஸ்லீம்களும் தமிழகமும்’ நூலையும், அவர் தொகுத்த சேதுபதி செப்பேடுகளையும் அவசியம் காணவேண்டும். 1973இல் திருச்சியிலும் 1978இல் காயல்பட்டினத்திலும் 1990இல் கீழக்கரையிலும் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகளின் மலர்களும் கட்டுரைகளும் பழைய நூலகங்களில் கிடைக்கக்கூடும். இன்றும் ஊர்களில் இத்தகைய சொற்பொழிவுகள் நடைபெறுகையில், பேச்சு முடிந்தபின் பேச்சாளரிடம் உங்கள் ஊரைப் பற்றி ஒரு வினா கேட்கத் தயங்காதீர்கள்.

கடல் கடந்த உறவுகளையும் மறத்தலாகாது. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் நம் கரையிலிருந்து சென்றவர்கள் எழுப்பியவை. கண்டியில் 1882இல் சித்திலெப்பை அவர்கள் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’, சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ போன்ற ஏடுகள் அக்காலத்து வணிகரையும் வாழ்க்கையையும் நம் கண்முன் நிறுத்துகின்றன. பர்மாவில் வாழ்ந்த குடும்பங்களின் நிலைமை வேறு. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது கால்நடையாகத் திரும்பியவர்கள் உயிரைக் காத்தார்களேயன்றிக் காகிதங்களை அல்ல. அக்குடும்பங்களுக்கு முதியோர் நினைவே ஆவணம்.

இறுதியாக, உடனடியாகக் கவனிக்கவேண்டிய ஒன்று. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அரபுத் தமிழ் எனப்படும் அவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் மட்டுமா இருந்தன? கொழும்பிலிருந்து கணவர் மனைவிக்கு விடுத்த கடிதம், கடைக் கணக்கு, மருந்துக் குறிப்பு, பிள்ளைகள் பிறந்த நாள் நேரம் ஆகியனவும் அவ்வாறே எழுதப்பட்டன. இன்று அதைப் படிக்கத் தெரிந்தோர் அருகிவிட்டனர். பரணிலிருக்கும் தகரப் பெட்டியைத் திறப்போர் அரபு எழுத்தைக் கண்டதும், கால்படலாகாது என்ற நல்லெண்ணத்தால், குர்ஆன் ஏடுகளோடு அவற்றையும் சேர்த்துக் கிணற்றிலோ கடலிலோ இட்டுவிடுவதுண்டு. கறையான் தின்னாது விட்டதைப் பக்தி மூழ்கடிக்கிறது! ஆகவே, உங்கள் வீட்டில் அத்தகைய பெட்டி இருக்குமாயின், எதையும் அப்புறப்படுத்துமுன் அரபுத் தமிழ் அறிந்த ஆலிம் ஒருவரை அழைத்து ஒவ்வோர் ஏட்டையும் வாசிக்கச் செய்யுங்கள். எந்த மூலையில் எந்தப் பெயர் இருக்கிறதென்று உடனிருந்து குறித்துக்கொள்ளுங்கள். அட்டையின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், பிறப்புக் குறிப்புகளை அங்கேதான் எழுதி வைத்திருப்பார்கள்.