புது ஊரும் பழைய நோயும்

ஓசூர் என்னும் பெயருக்கே புது ஊர் என்பதுதான் பொருள். கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய; 'ஊரு' நம்முடைய ஊர்தான். என்றோ வைத்த அந்தப் பெயர் இன்றும் பொய்யாகவில்லை. 1980ஆம் ஆண்டை ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் இங்கே ஆலைகளைத் தொடங்கின. அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் அன்று வேலை தேடி வந்தவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறார்கள். எங்கள் பதிவு மேசையில் 'சொந்த ஊர் எது?' என்று கேட்டால், பத்துப் பேர் வரிசையில் ஏழெட்டு ஊர்ப் பெயர்கள் வருகின்றன.

புது ஊருக்குக் குடிவருபவர்கள் பாத்திரங்களையும் பாயையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் மறவாமல் கொண்டு வருகிறார்கள். ஆனால் நோயாளியின் உடைமைகளில் ஒன்று மட்டும் பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. அவருடைய உடம்பைப் பற்றிப் பிறர் அறிந்து வைத்திருந்த செய்திகளே அவை. 'இவருக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது' என்பது தெருமுனை மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். மாதாமாதம் வாங்கும் மஞ்சள் நிற மாத்திரையின் பெயரும் அவருக்குத்தான் தெரியும். 'ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் விடியற்காலையில் உடம்பு வேர்த்துவிடும்' என்பது பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் தெரியும். அந்த மருந்துக் கடையும் பக்கத்து வீடும் இல்லாத இடத்தில் நோயாளி ஒரு வெற்றுத் தாளாக வந்து நிற்கிறார்.

இரவு ஷிப்டு தொடங்கிய பிறகு அவசரப் பிரிவுக்கு வரும் சிலரைப் பார்க்கும்போது இது எங்களுக்கு நன்றாகப் புலப்படுகிறது. அறையில் உடன் தங்கியிருக்கும் இளைஞர்கள் மூன்று பேர், நினைவிழந்த ஒருவரை ஆட்டோவிலிருந்து இறக்குவார்கள். பெயர் கேட்டால், அறையில் அழைக்கும் செல்லப்பெயர்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சர்க்கரை நோய் உண்டா, வலிப்பு உண்டா, ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்னும் கேள்விகளுக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வீட்டு எண் கைப்பேசிக்குள் இருக்கும், கைப்பேசியோ பூட்டியிருக்கும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் சர்க்கரை அளவு ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். ஆனால் இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை ஒருவர் உட்கொண்டு வருகிறாரா என்பது முகத்தில் எழுதியிருப்பதில்லை. தலையில் அடிபட்டவருக்கு அந்த ஒரு செய்தியே உயிரைத் தீர்மானிக்கக் கூடும்.

இதற்காகவே பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தகவல் பக்கம் ஒன்று இருக்கிறது. பெயர், நோய், மருந்து, ஒவ்வாமை, வீட்டாரின் எண் ஆகியவற்றை அதில் எழுதி வைக்கலாம். செய்யத் தெரியாவிட்டால் எங்கள் செவிலியரிடம் கேளுங்கள். இல்லையெனில் ஒரு சிறு காகிதத்தில் எழுதி, பணப்பையில் ஆதார் அட்டையோடு சேர்த்து வையுங்கள். காகிதத்துக்குச் சார்ஜ் தீர்ந்துபோவதில்லை என்பதால் எங்கள் மருத்துவர்களில் சிலருக்கு அதுவே பிடித்திருக்கிறது!

தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. நோயின் சொற்கள் சில சமயம் நமக்கு உதவுகின்றன. தமிழில் 'நோவு' என்பது கன்னடத்திலும் 'நோவு' தான், தெலுங்கில் 'நொப்பி'. நாம் 'தலைசுற்றல்' என்பதைக் கன்னடர்கள் 'தலெ சுத்து' என்பார்கள். வேறு சில சமயம் சொற்கள் நம்மை ஏய்த்துவிடும். இந்தி பேசுபவர் 'சக்கர்' என்றால் தலை சுற்றுகிறது என்று பொருள். தெலுங்கில் 'சக்கெர' என்றால் சர்க்கரை. தமிழுக்குள்ளேயே 'இளைப்பு' என்னும் சொல்லை ஒருவர் மூச்சுத் திணறலுக்கும் இன்னொருவர் மெலிந்து போனதற்கும் சொல்கிறார். ஆகவே சொல் எட்டாதபோது கையால் காட்டுங்கள். வலிக்கும் இடம் எது, எப்போது தொடங்கியது, எங்கெங்கே பரவுகிறது என்று காட்டினால் போதும்.

எல்லா மொழிக்காரர்களும் ஒன்றுபோலச் சொல்லும் சொல் ஒன்று உண்டு: 'கேஸ்'. நடு நெஞ்சில் அழுத்தம் தோன்றினாலும், இடது தோளுக்கும் தாடைக்கும் வலி ஏறினாலும், காரணமின்றி வியர்த்துக் கொட்டினாலும் 'கேஸ் தான், சோடா குடித்தால் சரியாகிவிடும்' என்று படுத்துவிடுகிறார்கள். சொந்த ஊராக இருந்தால் தாயோ மனைவியோ முகத்தைப் பார்த்து வண்டி பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். தனி அறையில் அப்படிச் சொல்ல ஆளில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டுமே அறிகுறியாக இருக்கும். அந்த நேரத்தில் 108ஐ அழையுங்கள். நாம் கர்நாடக எல்லையில் இருப்பதால் 'தமிழ்நாடு, ஓசூர்' என்று முதலில் சொல்லி, பிறகு தெருவையும் அருகிலுள்ள கோயில், பள்ளி, ஆலைக் கதவு போன்ற ஓர் அடையாளத்தையும் சொல்லுங்கள். வந்து ஆறு மாதமாகியும் தாங்கள் குடியிருக்கும் தெருவின் பெயர் தெரியாதவர்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். வீட்டு உரிமையாளரைக் கேட்டு முழு முகவரியைக் கதவின் உட்புறம் ஒட்டி வைப்பது நல்லது.

இங்கே வருபவர்கள் எல்லாரும் இளைஞர்கள் அல்லர். மகனோ மகளோ பெங்களூருப் பக்கம் வேலை பார்க்க, ஓசூரில் அடுக்குமாடி வீடு வாங்கி, ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்துவிடுகிறார்கள். அன்பினால் செய்யும் காரியம்தான் அது. ஆயினும் அந்தப் பெற்றோரின் நாளை உற்று நோக்க வேண்டும். ஊரில் அப்பா காலையில் குளத்துக்கு நடந்தார், தேநீர்க் கடைக்கு நடந்தார், மாலையில் கோயிலுக்கு நடந்தார். அதை அவர் உடற்பயிற்சி என்று ஒருநாளும் எண்ணியதில்லை. இங்கே மூன்றாம் மாடி, பூட்டிய கதவு, தொலைக்காட்சி. அதே மாத்திரை, அதே சோறு. ஆனால் மூன்று மாதத்தில் சர்க்கரை அளவு ஏறிவிடுகிறது. 'மருந்து வேலை செய்யவில்லை' என்று மகன் வருந்துகிறார். மருந்து வேலை செய்கிறது, நடை நின்றுவிட்டது.

அம்மாவின் நிலை இன்னும் நுட்பமானது. களைத்து வீடு திரும்பும் பிள்ளையிடம் மூட்டு வலியையோ சிறுநீர் எரிச்சலையோ சொல்ல அவருக்கு மனம் வருவதில்லை. ஊரில் இருந்தால் தண்ணீர்க் குழாயடியில் இன்னொரு பெண்ணிடம் சொல்லியிருப்பார். அப்பெண் மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றிருப்பார். காலையில் உழவர் சந்தைக்கு ஒருமுறை உடன் அழைத்துச் செல்லுங்கள். நாலு நாள் சென்றால் காய்கறிக்காரரோடு பேச்சு தொடங்கும், வழியும் பழகும். ராமநாயக்கன் ஏரிப் பக்கம் நடப்பவர்களுள் புதிதாக வந்த பெரியவர்கள் பலர் உண்டு. மருத்துவரிடம் அழைத்து வரும்போது சில நிமிடங்களாவது அம்மாவைத் தனியே பேச விடுங்கள். இது எங்கள் மருத்துவர்கள் வலியுறுத்திச் சொல்லச் சொன்னது.

மண்ணும் நீரும் காற்றும் மாறுவதையும் உடம்பு கவனிக்கிறது. ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வரும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு மார்கழி விடியற்காலை கடினமாக இருக்கும். இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கேழ்வரகுக் களி இந்தப் பகுதியின் நல்ல உணவு. ஆனால் 'சர்க்கரைக்கு ஆகும்' என்று கேள்விப்பட்டு இரண்டு பெரிய உருண்டைகளை உண்டால், அதுவும் மாவுச்சத்துதான் என்பது பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நிலத்தடி நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருந்தால் குடிக்கலாகாது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிலைப்பற்களில் கறை விழும்; பல்லாண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளூரைடு போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது வெயில் வருகிறதா, வண்டி நிறுத்த இடமுண்டா என்று கேட்கிறோம். குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீரா, ஒகேனக்கல் நீரா என்றும் கேட்க வேண்டும். ஐயமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் நீரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஷிப்டு மாறும் தொழிலாளர்கள் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது தங்கள் வேலை நேரத்தைத்தான். 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று எழுதிய மாத்திரையை இரவு வேலைக்காரர் எப்போது விழுங்குவது? அவரே ஒரு முடிவு செய்து, உண்ணாமல் இன்சுலின் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் முன் நின்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கை நடுங்கி வியர்க்கும்போது நினைவிருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வந்தவர்களுக்கு இவ்வூரில் உரிமைகளும் உண்டு. வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வாடகை வீட்டில் இருப்பவர்களும் அப்பகுதிச் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயர் கொடுக்கலாம். காசநோய்க்கு மருந்து உட்கொள்வோர் இடம் மாறினால் நிக்ஷய் எண்ணைச் சொல்லுங்கள். மிச்ச மாதங்களின் மருந்து இங்கேயே இலவசமாகத் தொடரும். நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள ஆலைத் தொழிலாளருக்கு, ஒப்பந்தத் தொழிலாளியாயினும், ஈ.எஸ்.ஐ. உண்டு. வேலை மாறினாலும் காப்பீட்டு எண் மாறாது. புதிய எண் வாங்கிக்கொள்ளாமல் பழைய எண்ணையே கொடுங்கள்.

உறவினர் வந்து சேரும்வரை உடன் வேலை செய்பவர்களே முறைவைத்து நோயாளியைப் பார்த்துக்கொள்வதை எங்கள் வார்டுகளில் காண்கிறோம். முதல் ஷிப்டு முடித்தவர் மாலையில் வருவார். இரவு வேலைக்காரர் காலையில் வருவார். ஆள் மாறும்போது செய்தி நழுவிவிடுகிறது. எனவே கட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். உண்டது, வாந்தி, காய்ச்சல், மருத்துவர் சொன்னது ஆகியவற்றை அவரவர் மொழியில் எழுதினாலும் போதும். வீடு திரும்பும் நாளில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படமெடுத்துக் கைப்பேசியிலும் ஊரிலுள்ள வீட்டார் ஒருவரிடமும் வைத்திருங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சத் பூசைக்கோ ஊருக்குப் புறப்படும்போது, விடுமுறை நாட்களுக்கும் மேலாக ஒரு வாரத்துக்கான மாத்திரை பையில் இருக்கட்டும். பண்டிகை முடிந்து திரும்புவதற்குப் பேருந்திலும் ரயிலிலும் இடம் கிடைப்பது எளிதன்று.