கம்ப்யூட்டரில் தெரியும் படம், வெப்சைட்டில் மட்டும் காணாமல் போவது ஏன்?

விருத்தாசலம் பீங்கான் பொம்மைகளை ஆன்லைனில் விற்க ஒருவர் வெப்சைட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் எல்லாப் படமும் பளிச்சென்று தெரியுது. சர்வரில் ஏற்றியதும் பாதிப் படங்களைக் காணோம். பொம்மையைப் பார்க்காமல் யார் ஆர்டர் கொடுப்பார்கள்? இத்தனைக்கும் ஃபைல் எங்கேயும் போகவில்லை. ஃபைல் பெயரில் முதல் எழுத்து கேப்பிட்டல். கோடில் அடித்ததோ ஸ்மால் லெட்டர். கோளாறு அவ்வளவுதான்.

ஒரே எழுத்துக்கு ரெண்டு நம்பர்

ஆங்கிலத்தின் முதல் எழுத்து கேப்பிட்டலாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு அது 65. ஸ்மாலாக இருந்தால் 97. லினக்ஸ் இந்த எண்களை அப்படியே ஒப்பிடும். எண் மாறினால் அது வேறு ஃபைல். விண்டோஸும் மேக்கும் நாம் வைத்த பெயரை அப்படியே பதிந்து வைக்கும், ஆனால் தேடும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. வெப்சைட் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுவதால், தப்பு அங்கே போன பிறகுதான் தெரியவரும்.

தமிழில் பெயர் வைத்தால்?

தமிழில் கேப்பிட்டல், ஸ்மால் கிடையாது. ஆனால் 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ரெண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு.

சரியான பெயரை எப்படி எடுப்பது?

கோடில் எல்லாவற்றையும் ஸ்மால் லெட்டராக மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் டிஸ்க்கில் உள்ள உண்மையான பெயர் கிடைக்காது. யூகிக்காமல் டிஸ்க்கிடமே கேட்க வேண்டும்.

பாதையின் முதல் ஃபோல்டரில் இருந்து தொடங்குங்கள். உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியல் எடுங்கள். எழுத்து அளவைப் பார்க்காமல் ஒப்பிட்டு, பொருந்துவதை டிஸ்க்கில் இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த ஃபோல்டர். இப்படியே ஃபைல் வரை போனால் அசல் பெயர் கையில்.

விண்டோஸில் பைத்தானின் பாத்லிப் தரும் 'ரிசால்வ்', நோட் ஜேஎஸ்ஸின் 'ரியல்பாத் நேட்டிவ்' ரெண்டும் இந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் ஃபைல் டிஸ்க்கில் இருக்க வேண்டும். அசல் பெயரும் கோடில் அடித்த பெயரும் ஒத்துப்போகிறதா என்று சர்வரில் ஏற்றும் முன்பே ஒரு சின்ன புரோகிராம் மூலம் சரிபார்த்துக்கொள்ளலாம்.

திருத்தும்போது கவனம்

கிட் பயன்படுத்துவோருக்கு இன்னொரு சிக்கல். விண்டோஸில் எழுத்து அளவை மட்டும் மாற்றி ரீநேம் செய்தால், கிட் அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். சர்வருக்குப் பழைய பெயரே போகும். 'கிட் எம்வி' கட்டளையில் பெயர் மாற்றினால் இந்தப் பிரச்சினை இல்லை.

புதுசாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை: ஃபைல், ஃபோல்டர் பெயர் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே ஸ்மால் லெட்டரில் வையுங்கள். இடைவெளி வேண்டாம், நடுவில் சின்ன கோடு போதும்.