மூடிய கதவுகளுக்குள் திருச்சபை



சிலாபம் முதல் கற்பிட்டி வரையான நமது கரையோரத்தில், பிள்ளைகளைக் கடல் கடந்து உழைக்க அனுப்பாத பங்கு அரிது. அவ்வாறு சென்றோருள் இஸ்ரயேலில் முதியோரைப் பராமரிப்போரும் உளர். 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி மூண்ட போரும், 2025 ஜூனில் ஈரானுடன் 12 நாள் நீடித்த மோதலும் அவர்களுடைய அன்றாட வாழ்வை அபாயச் சங்கொலிக்குள் சிக்கவைத்தன.

சங்கு ஒலித்தால் பாதுகாப்பறையை அடைய, காசா எல்லையோர ஊர்களில் கிடைப்பது 15 விநாடி. தெல் அவிவில் ஏறத்தாழ 90 விநாடி. படுக்கையிலிருக்கும் முதியவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தவே அது போதாது. அவரது கட்டிலை முன்கூட்டியே பாதுகாப்பறைக்குள் மாற்றிவைப்பது விவேகம். அதற்கும் வழியில்லாத வேளையில் அவர் கரத்தைப் பற்றியபடி உடனிருப்பது சிலுவையடியில் நிற்பதற்கு ஒப்பாகும்.

ஆலயத்தில் ஒன்றுகூடுவதே அவர்களுக்கு ஆறுதல். ஆனால் தாக்குதல் கடுமையான நாள்களில் மக்கள் கூடுவதற்கு அந்நாட்டில் தடை விதிக்கப்பட்டது. ‘கடவுள் காப்பார்’ என்று அதனை மீறுவது விசுவாசமன்று. கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கும் சோதனையை ஆண்டவரே மறுத்தார் (மத் 4:5-7). பாரதூரமான காரணத்தால் திருப்பலிக்குச் செல்ல இயலாதோர் தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் நேரம் செலவிடுமாறு திருச்சபைச் சட்டம் 1248 பரிந்துரைக்கின்றது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின், 2019 ஏப்ரல் 28இல் ஆலயங்கள் மூடியிருக்க, தொலைக்காட்சி முன் முழந்தாளிட்ட நமக்கு இது புதிதன்று.

போரின் மறுபுறத்திலும் இதே சாட்சியம் உண்டு. காசாவின் திருக்குடும்ப ஆலய வளாகத்தில் நூற்றுக்கணக்கானோர் தஞ்சமடைந்தனர். குண்டுகளின் நடுவிலும் அங்கே திருப்பலியும் செபமாலையும் நிற்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ், 2025 ஏப்ரலில் இறைவனடி சேரும்வரை, ஏறக்குறைய மாலைதோறும் தொலைபேசியில் அவர்களை நலம் விசாரித்தார். அதே ஆண்டு ஜூலை 17ஆம் திகதி அவ்வாலயம் தாக்குதலுக்குள்ளாகி மூவர் உயிரிழந்தனர், பங்குத்தந்தையும் காயமுற்றார். ஆயினும் அச்சமூகம் கலைந்துவிடவில்லை.

அச்சத்தால் பூட்டியிருந்த கதவுகளைச் சீடர்கள் திறக்கும்வரை உயிர்த்த ஆண்டவர் காத்திருக்கவில்லை. உள்ளே வந்து, அவர்கள் நடுவில் நின்று, அமைதியை அளித்தார் (யோவா 20:19). பாதுகாப்பறையும் அவர் நுழையக்கூடிய இடமே.

அப்படியானால் இங்குள்ள நமது கடமை என்ன? திருத்தந்தையின் தொலைபேசி அழைப்பு நமக்கொரு பாடம். திருவிழாவுக்குப் பணம் எப்போது வரும் என்று கேட்குமுன், “சாப்பிட்டாயா மகள்? இரவு தூங்கினாயா?” என்று கேட்போம். அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளின் வீட்டில் நம் அன்பியம் வாரம் ஒருமுறையேனும் கூடிச் செபமாலை சொல்லட்டும். பள்ளிப் பாடத்திலும் மறைக்கல்வியிலும் அப்பிள்ளைகள் பின்தங்காதவாறு அயலவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆபத்திலும் அவர்கள் கடமை தவறாதிருக்க, இங்கே நாம் அவர்களுடைய இல்லத்தைத் தாங்குவோம்.

ஆண்டவரின் பாட்டியாகிய தலவில புனித அன்னம்மாள், பராமரிக்கும் கரங்களுக்கும், பராமரிக்கப்படும் முதியோருக்கும், காசாவின் குழந்தைகளுக்கும் பரிந்து பேசுவாராக. ஆமென்.