அசதியோடு மல்லுக்கட்டாதீர்கள்

காய்ச்சல் நான்கே நாளில் விட்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய தேவையே வரவில்லை, ஆனால் அதன்பிறகு பழைய உடம்பு திரும்பவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர் மாதக்கணக்கில் தாமதித்தே வருகிறார்கள். அந்த இடைவெளியில் டானிக் குடித்திருப்பார்கள், குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரைகளை விழுங்கியிருப்பார்கள். இவற்றோடு சேர்ந்து இன்னொன்றும் அவர்களைக் கெடுத்திருக்கும். 'படுத்தே கிடந்தால் இப்படித்தான் இருக்கும். எழுந்து நட, கொஞ்சம் ஓடு, தானாகச் சரியாகும்' என்று வீட்டிலும் அலுவலகத்திலும், சொல்லவே வருத்தமாக இருக்கிறது, சில மருத்துவர்களிடமும் கிடைத்த அறிவுரைதான் அது. கொரோனாவுக்குப் பிந்தைய நீடித்த பாதிப்பு உள்ள கணிசமானவர்களுக்கு இந்த அறிவுரை குணத்தைத் தள்ளிப்போடுகிறது, சிலரைப் படுக்கையிலேயே கிடத்துகிறது.

தொற்று தொடங்கி மூன்று மாதம் ஆகியும் இருக்கிற, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத தொல்லைகளை இந்தப் பாதிப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலை முடிந்ததாக அதே நிறுவனம் அறிவித்தது. அவசரநிலை முடிந்ததே தவிர, அந்த மூன்று ஆண்டுகளில் தொற்றியவர்களில் பலருக்கு நோய் முடியவில்லை. புதிதாகத் தொற்றுகிறவர்களுக்கும் இது வந்துகொண்டுதான் இருக்கிறது.

உழைத்த மறுநாள் விழுகிற அடி

சாதாரணக் களைப்பு உழைக்கும்போதே தெரியும், தூங்கி எழுந்தால் போய்விடும். இந்த நோயில் வருகிற சரிவு அப்படியில்லை. திங்கட்கிழமை உடம்பு தேவலை என்று துணியெல்லாம் துவைத்துப்போட்டவர், புதன்கிழமை எழுந்திருக்க முடியாமல் கிடப்பார். உழைப்புக்கும் சரிவுக்கும் நடுவில் அரை நாளிலிருந்து இரண்டு மூன்று நாள் வரை இடைவெளி இருப்பதால் எது எதனால் வந்தது என்று நோயாளிக்கே பிடிபடுவதில்லை. 'நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தாய்' என்று வீட்டார் சந்தேகப்படுவதும் இதனால்தான். உடல் உழைப்பு மட்டும் இதைக் கொண்டுவருவதில்லை. இரண்டு மணி நேரம் கணக்கு பார்த்தாலும், வீட்டில் பெரிய சண்டை நடந்தாலும் சிலருக்கு இதே சரிவு வரும்.

இதற்குத் தசையிலேயே சான்று இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இத்தகைய நோயாளிகள் 25 பேரைச் சைக்கிள் மிதிக்கவைத்து, அதற்கு முன்னும் பின்னும் தொடைத்தசையைச் சிறிது எடுத்துப் பார்த்தார்கள். 2024 ஜனவரியில் வெளியான அந்த ஆய்வில், உழைப்புக்குப் பிறகு நோயாளிகளின் தசையில் சிதைவு கூடியிருந்தது. தசை செல்கள் ஆற்றலை உண்டாக்கும் திறனும் குறைந்திருந்தது. ஆரோக்கியமானவர்களை வலுப்படுத்தும் பயிற்சி இவர்களின் தசையைப் புண்ணாக்கியது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, இதே வகைச் சரிவு வருகிற நாட்பட்ட சோர்வு நோய்க்கு, படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று 2021 அக்டோபரில் முடிவெடுத்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'அப்படியானால் உடற்பயிற்சியால் தேறியவர்கள் பொய் சொல்கிறார்களா?' என்று கேட்கலாம். இல்லை. பிரிட்டனில் 585 பேரிடம் நடந்த ரீகெயின் ஆய்வில், மேற்பார்வையோடு எட்டு வாரம் நடந்த பயிற்சியும் ஆலோசனையும் பலன் தந்தன. ஆனால் அவர்கள் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்து திரும்பியவர்கள். படுக்கையில் கிடந்து தளர்ந்த உடம்பை மீட்க மேற்பார்வையோடு கூடிய பயிற்சி கைகொடுக்கும். லேசான காய்ச்சலோடு தப்பித்தும் உழைத்தால் சரிகிறவரின் நிலை வேறு. ஆகவே பயிற்சியைத் தொடங்குமுன் 'வேலை செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ மோசமாகிறதா?' என்ற கேள்வியை எல்லோரிடமும் கேட்டாக வேண்டும். கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ரிப்போர்ட் நார்மல் என்றால் மனசுதானா?

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தால் 'எல்லாம் மனசுதான்' என்று முடித்துவிடுவது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். 2006-ல் சிக்குன்குனியா புகுந்த வீடுகளில், காய்ச்சல் போய்ப் பல மாதங்களுக்குப் பிறகும் மாடிப்படி ஏற முடியாமல் மூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை யாரும் மனநோயாளிகள் என்று சொல்லவில்லை. வைரஸ் போன பிறகும் அதன் பாதிப்பு தங்கும் என்பதைத் தமிழ்நாடு அன்றே கண்டுவிட்டது. மூட்டுவலியை நம்பியவர்கள் அசதியை மட்டும் ஏன் நம்ப மறுக்கிறோம்?

இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நினைவாற்றலும் யோசிக்கும் திறனும் அளக்கப்பட்டு, 2024-ல் முடிவுகள் வந்தன. கொரோனா வந்து முழுதாகத் தேறியவர்களிடமும் சிறு சரிவு தெரிந்தது. தொல்லை நீடித்தவர்களிடம் அது அறிவுத்திறன் அளவையில் சுமார் 6 புள்ளி. அடுப்பில் பால் வைத்ததை மறப்பதும், பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவுவதும் சோம்பலால் வருவதில்லை. மன ஆலோசனையால் சிலருக்கு அசதி குறைவதாக ஆய்வுகள் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. புற்றுநோயாளிக்கும் ஆலோசனை உதவுகிறது. அதனால் புற்றுநோய் மனதில் பிறந்தது என்று எவரும் சொல்வதில்லை.

'தடுப்பூசிதான் எல்லாவற்றுக்கும் காரணம்' என்ற பேச்சும் ஓயவில்லை. தடுப்பூசியால் அரிதாகப் பக்கவிளைவு வருவது உண்மை, அப்படி வந்தவர்களுக்கு முறையான சிகிச்சை வேண்டும். ஆனால் இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 16 அன்று. தேறாத அசதியோடும் மூச்சுத்திணறலோடும் உலகெங்கும் நோயாளிகள் பேசத் தொடங்கியது 2020-லேயே.

கஷாயம், ஸ்டீராய்டு, குளுக்கோஸ்

இந்த நோயை வேரோடு பிடுங்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. கொரோனா வைரஸுக்கு எதிரான பேக்ஸ்லோவிட்டை 15 நாள் கொடுத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில்கூடப் பலன் தெரியவில்லை. மருந்தில்லாத இடத்தில் மருந்து விற்கிறவர்கள் நிறைந்துவிடுகிறார்கள். மூன்று நாள் ஸ்டீராய்டு போட்டதும் தெம்பு வந்ததுபோல் தோன்றும். அந்தத் தெம்பை நம்பித் தாங்களே தொடர்கிறவர்களுக்கு 2021-ன் கறுப்புப் பூஞ்சை நினைவில்லையா? சில மாதங்களில் நாடு முழுவதும் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது அது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டும் கைகோத்துச் செய்த வேலை. கண்ணையும் மேல்தாடையையும் இழந்தவர்கள் இன்னும் நம்மோடு வாழ்கிறார்கள்.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்பதும் ஆபத்தான நம்பிக்கை. எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில்கொடியை நாள்தோறும் குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவுசெய்தார்கள். பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் போய் நாடிபார்த்து மருந்து வாங்குவது வேறு, வாட்ஸ்அப்பில் வந்த அளவை வைத்து ஆறு மாதம் காய்ச்சிக் குடிப்பது வேறு. வைட்டமின் டி ஊசியை வாராவாரம் போட்டுக்கொண்டு ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிக்கொள்ளவும் முடியும். மெட்ஃபார்மின் பற்றிய செய்தியையும் அரைகுறையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். உடல் எடை கூடியவர்களுக்குத் தொற்றின் முதல் வாரத்திலேயே கொடுத்தபோது நீடித்த பாதிப்பு 100-க்கு 10 பேரிலிருந்து 6 பேராகக் குறைந்தது என்பதே அந்த ஆய்வின் முடிவு. ஓராண்டாக அவதிப்படுகிறவர் தானே வாங்கி விழுங்க அதில் எந்த ஆதாரமும் இல்லை. தயவுசெய்து நிறுத்துங்கள்.

பரிசோதனை

இந்த நோயைக் காட்டும் தனிப் பரிசோதனை கிடையாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, இதயம், நுரையீரல் இவற்றைப் பார்த்து மற்ற நோய்களை விலக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்குச் சளி பார்த்தே ஆக வேண்டும்.

பலம் இருக்கும்போதே நிறுத்துங்கள்

எவ்வளவு செய்தால் சரிவு வருகிறது என்பதை இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அந்த எல்லைக்கு வெகுமுன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல நாளில் பாக்கி வேலையையெல்லாம் சேர்த்து முடிக்கிற ஆசைதான் பெரும்பாலான சரிவுகளுக்குக் காரணம். உட்கார்ந்து காய் நறுக்கலாம், ஸ்டூல் போட்டுக் குளிக்கலாம், வேலையைப் பிரித்து நடுவில் கண்மூடிப் படுக்கலாம். சரிவே வராமல் சில வாரங்கள் போனால் மிகக் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்கலாம், வந்தால் கூச்சப்படாமல் பின்வாங்கலாம். நிற்கும்போது படபடத்துத் தலைசுற்றுகிறவர்கள், எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி அப்படியே நிற்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகத் தண்ணீரும் உப்பும் காலை இறுக்கும் காலுறையும் அவர்களுக்கு உதவும். ஆனால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கேட்காமல் உப்பைக் கூட்டவே கூடாது. வாசனை திரும்பாதவர்கள் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ், ரோஜா ஆகியவற்றைத் தினம் இருமுறை பல மாதம் முகர்ந்து பழகலாம். தொற்றுக்குப் பிறகு கொட்டிய முடி பெரும்பாலும் தானே வளரும்.

'ஓய்வெடுக்க வசதி யாருக்கு இருக்கிறது?' என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் நியாயமானது. தினக்கூலிக்குப் போகிறவருக்கும், அதிகாலையில் எழுந்து மூன்று வேளைச் சமையலையும் தூக்கிச் சுமக்கிற பெண்ணுக்கும் ஓய்வு என்பது மாத்திரைச் சீட்டில் எழுதிக்கொடுத்தால் கிடைத்துவிடாது. அவர்களைச் சுற்றி இருக்கிறவர்கள் தந்தால்தான் கிடைக்கும். அரைநாள் வேலையாகத் தொடங்க அனுமதிக்கிற முதலாளியும், தண்ணீர்க் குடத்தைத் தான் தூக்குகிற கணவரும் இந்த நோய்க்குச் செய்கிற சிகிச்சை இன்று எழுதிக்கொடுக்கப்படும் பல மாத்திரைகளைவிட மேலானது. முதலாளி கேட்டால் மருத்துவர் சான்று எழுதித் தர வேண்டும், அதில் தயக்கம் கூடாது.

மறுபடி தொற்ற விடாதீர்கள்

அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளில், தடுப்பூசி இல்லாமல் தொடக்கக்கால வைரஸ் தொற்றியவர்களில் 100-க்கு 10 பேருக்கு நீடித்த பாதிப்பு இருந்தது. தடுப்பூசி போட்டு ஒமிக்ரான் தொற்றியவர்களில் அது மூன்றரை. குறைந்ததில் பெரும்பங்கு தடுப்பூசிக்கே என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். மூன்றரை என்பதும் சிறிதல்ல, ஒவ்வொரு புதிய தொற்றும் அந்த வாய்ப்பை மறுபடி திறக்கிறது. ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன்: காய்ச்சலும் இருமலுமாக இருக்கும்போது கல்யாண வீட்டுக்குப் போகாதீர்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் முகக்கவசம் போடுங்கள், ஏசி அறையில் சன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். தொற்று வந்துவிட்டால், காய்ச்சல் விட்ட மறுநாளே ஜிம்முக்கும் வயலுக்கும் ஓடாதீர்கள். நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்ற தொல்லைகள் நான்கு வாரத்தைத் தாண்டினால் மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல், அதுவரை சாப்பிட்ட மருந்துகளின் அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வந்துவிடுங்கள்.