மழையோடு வாழ்தல் – 6: தண்ணீர் வடிந்த மறுநாள்

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த மழையையும் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகளையும் அடையாறு கரை மீறியதையும் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்துவிட்டன. படகுகள் திரும்பிப் போன பிறகு முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தவர்கள் பார்த்த வேலையைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதவில்லை. இந்த வாரம் அந்த வேலையைப் பற்றிப் பேசுவோம்.

கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது நாற்றம். சாக்கடை, மண்ணெண்ணெய், ஊறிய அரிசி, எல்லாம் கலந்த நாற்றம். தரையெங்கும் வழுவழுவென்று கறுத்த சேறு. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடக்கும். இலவம்பஞ்சு மெத்தை தண்ணீரைக் குடித்து, நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனத்தில் இருக்கும். பிளைவுட் அலமாரி உப்பிப்போய்க் கதவு திறக்காது. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு.

தொடங்க வேண்டியது மின்சாரத்திலிருந்து. தண்ணீரில் நின்றபடி எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. மின்வாரியம் சப்ளையை நிறுத்தியிருக்கிறது என்ற தைரியமும் வேண்டாம். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில், வெளியே மின்சாரம் இல்லாதபோதும் வயர்களில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். நனைந்த சுவிட்ச் பெட்டியையும் மீட்டரையும் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகே மெயினைப் போட வேண்டும். தண்ணீரில் மூழ்கிய பைக்கையும் காரையும் ஓடுகிறதா பார்ப்போம் என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அந்த ஒரு முயற்சியே அதைக் கெடுத்துவிடும்.

அடுத்தது சேறு. தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போதே அதைத் தள்ளிவிட வேண்டும் என்பது ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஈரமாக இருக்கும்வரை வைப்பருக்கும் தென்னந்துடைப்பத்துக்கும் அது இடம்கொடுக்கும். காய்ந்துவிட்டால் மண்வெட்டி வேண்டும். கடைசி அறையில் ஆரம்பித்து வாசல்வரை வழித்துத் தள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவி, அதன்பின் பிளீச்சிங் பவுடர் கரைசல் போடலாம். ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும்.

சேற்றைவிடக் கவனம் வேண்டியது சம்ப். புறநகரின் பல வீடுகளில் சம்ப்பும் செப்டிக் டேங்கும் ஒரே முற்றத்தில், சில அடி இடைவெளியில் இருக்கின்றன. இரண்டின் மூடியும் தரைமட்டத்தில்தான். வெள்ளம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. மின்சாரம் வந்த சந்தோஷத்தில் ஒருவர் மோட்டாரைப் போட்டுவிட்டால் அந்தத் தண்ணீர் மேல்தொட்டிக்குப் போய், மூன்றாவது மாடிக் குழாயிலும் வரும். ஆகவே சம்ப்பை முழுவதும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பிக் குளோரின் சேர்க்கும்வரை அந்த மோட்டாரை யாரும் போடக் கூடாது. தெளிந்த தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது அடிப்படைக் கணக்கு. வாளியில் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் நீரை மட்டும் சம்ப்பில் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். கலங்கிய தண்ணீருக்கு இந்த அளவு போதாது. குளோரின் போட்டாலும் குடிக்கும் தண்ணீரைச் சில வாரங்களுக்குக் கொதிக்கவைத்தே குடிப்பது நல்லது.

செப்டிக் டேங்கை லாரி வைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு அவசரமானாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் வீடு சுத்தமாவதற்காக இன்னொரு வீட்டில் உயிர் போகக் கூடாது.

இனி உடம்பு. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நிற்கும்போது, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே எலிக் காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் தெரியும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் சுத்தம் செய்யப் போனவர்களுக்கு முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தது இதனால்தான். சேற்றில் வேலை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்டு அதை எடுத்துக்கொள்ளலாம். குறைந்தபட்சம் ரப்பர் பூட்ஸாவது வேண்டும். இன்னொரு பக்கம், மொட்டை மாடியிலும் உடைந்த தொட்டியிலும் தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இந்த நாள்கணக்கைச் சற்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சல்கள் தலைகாட்டுவது இரண்டாவது வாரத்தில். சுவரில் பூஞ்சை படர்வதும், கையிருப்புப் பணம் தீர்வதும், உடம்பு ஓய்ந்து விழுவதும் அப்போதுதான். ஆனால் சாப்பாட்டுப் பொட்டலம், பால் பாக்கெட், போர்வை எல்லாம் முதல் வாரத்திலேயே வந்து முடிந்துவிடுகின்றன. தெருவில் தண்ணீர் இல்லை என்றதும் வெள்ளம் முடிந்துவிட்டதாக ஊர் நினைத்துக்கொள்கிறது.

இந்த இரண்டாவது வாரத்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அலுவலகமும் பள்ளிக்கூடமும் திறந்ததும் மற்றவர்கள் கிளம்பிப் போக, சேறு அப்பிய துணிகளோடும் பாத்திரங்களோடும் வீட்டில் இருப்பவர் அவர்தான். அவரைவிடக் கடினமான நிலை வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுடையது. ஆற்றோரத்தில் அவருடைய வீடே சேற்றில் கிடக்கும். சம்பளம் பிடித்துவிடுவார்களே என்ற பயத்தில், அதை அப்படியே விட்டுவிட்டு அடுக்குமாடி வீட்டின் சேற்றைக் கழுவப் போவார். 2015இல் வெளியூர் நகராட்சிகளிலிருந்து சென்னைக்கு அழைத்து வரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் தெருக்களின் குப்பையை அள்ளினார்கள். வீட்டுக்குள் கிடந்த சேற்றை அள்ள அவரவர் கைதான் இருந்தது.

2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் அரசு ரேஷன் கடைகள் வழியாக 6,000 ரூபாய் ரொக்கம் கொடுத்தது. அந்தப் பணம் பலருக்கு உயிர்த்தண்ணீர். ஆனால் ஊறிய மெத்தையைத் தெருவுக்கு இழுக்கவும், சம்ப்பை இறைக்கவும், நனைந்த பீரோவை நிமிர்த்தவும் ஆட்கள் வேண்டும். வயதான தம்பதியும், தனியாக இருக்கும் பெண்ணும், கைக்குழந்தைக்காரியும் எவ்வளவு பணம் இருந்தாலும் அந்த நேரத்தில் ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வெள்ளம் வந்தால் முதல் நாள் உணவு கொண்டுபோங்கள், அது தேவைதான். பத்தாவது நாள் மறுபடியும் போங்கள். பூட்ஸ், கையுறை, ஒரு வைப்பர், இரண்டு நண்பர்கள், இவ்வளவு இருந்தால் போதும். உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்குச் சம்பளத்தோடு ஒரு வாரம் விடுப்பு கொடுங்கள். முடிந்தால் அவர் வீட்டுச் சேற்றை அள்ளவும் கூடப் போங்கள்.

(அடுத்த வாரம்: நனைந்த பத்திரங்களும் சான்றிதழ்களும்)