உருளை விதை: முளைக்க விட்டு நடுவோம்

மலைத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்குச் செலவில் முதல் இடம் விதைக்குத்தான். ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் விதைக் கிழங்கு வேண்டும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய விதையை, மூட்டையைப் பிரித்த கையோடு பாரில் போட்டு மண்ணை மூடிவிடுகிறோம். அப்புறம் அங்கொண்ணும் இங்கொண்ணுமாக முளைக்கும். விட்டுப்போன இடத்தில் களை வளரும். இதைத் தவிர்க்க, காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. நடுவதற்கு மூன்று, நாலு வாரம் முன்பே விதையை நிழல் வெளிச்சத்தில் பரப்பி முளைக்க விடுவதுதான் அது.

நமக்கு இது ஏன் முக்கியம்?

நீலகிரியில் கார்போக உருளையை ஏப்ரல், மே மாதங்களில் நடுகிறோம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் மூடுபனியும் ஈரமும் சேர்ந்து இலைக்கருகல் நோயைக் கூட்டிக்கொண்டு வரும். ரசாயன விவசாயம் செய்கிறவர் மருந்து மேல் மருந்து அடிப்பார். நமக்கு அந்த வழி கிடையாது. நம் கையில் இருப்பது நாள் கணக்குதான். முளைவிட்ட விதை, முளைவிடாததைவிட ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை முந்தி மண்ணைக் கீறி வெளியே வரும். கிழங்கும் முந்திப் பிடிக்கும். கருகல் வந்து இலை போனாலும், அதற்குள் பருத்த கிழங்கு நமக்கு மிச்சம்.

கிழங்கின் உறக்கம்

உருளைக்கிழங்கு வேர் இல்லை. மண்ணுக்குள் பருத்த தண்டு. அதனால்தான் அதில் கண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணும் ஒரு மொட்டு. தோண்டி எடுத்ததும் கிழங்கு உறங்கப் போய்விடும். ரகத்தையும் வைத்திருக்கும் சூட்டையும் பொறுத்து, இந்த உறக்கம் ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கும். அது கலையாத விதையை நட்டால் மண்ணுக்குள்ளும் உறங்கிக்கொண்டுதான் கிடக்கும். ஈரத்தில் அழுகவும் செய்யும். உறக்கத்தைக் கலைக்க கார்பன் டை சல்பைடு என்ற ரசாயனத்தால் மூட்டம் போடும் முறை உண்டு. எளிதில் தீப்பிடிக்கும் நச்சு அது. கொஞ்சம் பொறுமை இருந்தால் நமக்கு அது தேவையே இல்லை.

செய்முறை

1. கோழி முட்டை அளவில், 40 முதல் 50 கிராம் எடையுள்ள கிழங்குகளைப் பொறுக்குங்கள். அழுகல், காயம், துளை உள்ளதை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

2. குளிர்பதனக் கிடங்கில் இருந்து வந்த விதை என்றால், மூட்டையைப் பிரித்து நிழலில் காற்றாட விடுங்கள். குளிர் போய், வேர்த்த ஈரம் காய வேண்டும்.

3. கதகதப்பான இடத்தில் சாக்கால் மூடி வையுங்கள். கண்ணில் வெள்ளை முனை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிடுங்கள். இதற்கு மேல் இருட்டு ஆகாது.

4. மூங்கில் தட்டு, பழப்பெட்டி, மரச்சட்டம் எதிலாவது ஒரு அடுக்கு, மிஞ்சினால் இரண்டு அடுக்கு பரப்புங்கள். கண்கள் கூட்டமாக இருக்கும் முனை மேலே பார்த்து இருக்கட்டும்.

5. வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். திண்ணை, காற்றோட்டமான கொட்டகை போதும். மழைச்சாரல் படக்கூடாது. வாரம் ஒருமுறை கிழங்கைப் பார்த்துக் கெட்டதை எடுங்கள்.

இருட்டில் வளர்ந்த முளை வெள்ளையாக, நீளமாக, தொட்டாலே ஒடியும். வெளிச்சத்தில் வளர்ந்த முளை பச்சையோ ஊதாவோ கலந்து, குட்டையாக, கெட்டியாக இருக்கும். ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் வந்தால் நடும் பதம். கிழங்கும் பச்சையாக மாறும். விதைக்கு அது நல்லதே. ஆனால் பச்சைக் கிழங்கில் சோலனின் என்ற நச்சு கூடும். மிஞ்சியதைக் குழம்பில் போடாதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள்.

முளை சொல்லும் சேதி

முளைக்க விடுவதில் இன்னொரு லாபம், விதையின் யோக்கியதை நடும் முன்பே தெரிந்துவிடும். நூல் மாதிரி மெலிந்த முளை விடும் கிழங்கு நோய் பிடித்ததாக இருக்கலாம், தயங்காமல் கழியுங்கள். முளையே விடாததையும் கழியுங்கள். கண்ணோரம் புழுவின் எச்சம் தெரிந்தால் அந்துப்பூச்சி வந்திருக்கிறது என்று அர்த்தம். உலர்ந்த உண்ணிச்செடித் தழையைக் கிழங்கின் மேல் பரப்பி வைப்பது இந்தப் பூச்சியைத் தடுக்கும்.

முளையின் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு கிழங்கில் முளை குறைந்தால் செடியில் தண்டு குறையும், கிழங்கின் எண்ணிக்கை குறையும், ஆனால் ஒவ்வொன்றும் பெருக்கும். முளை கூடினால் கிழங்கு நிறைய வரும், சின்னதாக இருக்கும். சந்தைக்கா, அடுத்த போக விதைக்கா என்பதைப் பொறுத்து நீங்களே முடிவு செய்யலாம். உச்சி முளை ஒன்று மட்டும் முந்தி வந்தால் அதைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கண்கள் விழித்துக்கொள்ளும்.

கவனம்

முடிந்தவரை முழுக் கிழங்கையே நடுங்கள். வெட்டும் கத்தி வாடல் நோயை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். பெரிய கிழங்கை வெட்டியே ஆகணும் என்றால், துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கட்டும். கத்தியை அடிக்கடி கொதிநீரில் முக்குங்கள். வெட்டுவாயில் சாம்பல் தடவி, நிழலில் ஆறவிட்டு நடுங்கள்.

நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழு 1961-லேயே கண்டறியப்பட்டது. மண் ஒட்டிய விதையோடு அது பயணம் போகும். அதனால் அங்கிருந்து வேறு மலைக்கு விதை கொண்டுபோகக் கூடாது.

நடும் அன்று விதையை மூட்டையில் கொட்டாமல் தட்டோடு தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். முளை மேலே பார்க்க வைத்து, பொலபொலப்பான மண்ணால் மூடுங்கள். ஒடிந்த முளைக்குப் பதில் வேறு முளை வரும், ஆனால் சம்பாதித்த நாள் போய்விடும்.

சந்தேகம் இருப்பவர்கள் இந்தப் போகத்தில் இரண்டு பாரில் மட்டும் முளைவிட்ட விதையை நடுங்கள். பக்கத்து இரண்டு பாரில் வழக்கம்போல நடுங்கள். முளைத்த நாள், விட்டுப்போன குழிகள், கருகல் வந்த தேதி, தோண்டிய எடை, இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த போகத்துக்கு என்ன செய்வது என்பதை அந்த நோட்டே சொல்லும்.